பூ வண்டி நிற்கும் இடம்

என் பெட்டியில் ஒரு குடை இருந்தது. திண்டுக்கல்லில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

எங்கள் மலையில் ஆனி மாதம் குடையில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. இங்கே அதே ஆனியில் மழையெல்லாம் மேற்கு மலைகளுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. காற்று மட்டும் தாண்டி வருகிறது. பஸ் நிலையத்துக்கு வெளியே வெயிலுக்குப் பயந்து குடையை விரித்தேன். விரித்த கையோடு அது மேல்பக்கமாகக் கவிழ்ந்து, இரண்டு கம்பிகளை உதறிவிட்டு, அடிபட்ட காகம் மாதிரி படபடத்தது.

"அப்பு, அத விட்ருங்க. புடிச்சுக்கிட்டே இருந்தீங்க, சேந்து திருச்சிக்குப் போயிருவீங்க" என்றார் ஆட்டோக்காரர். "எந்த ஊரு?"

"இலங்கை. மலைநாடு."

"சிலோனா? பேச்சு நம்ம பேச்சு மாதிரில்ல இருக்கு!"

ஒரு டீ சொன்னார். நாங்கள் வீட்டில் குடிப்பது பால் இல்லாத சாயத்தண்ணி. இங்கே கொடுத்த டீயில் பால், சர்க்கரை, நுரை எல்லாம் இருந்தன. தேயிலை எங்கோ ஓரமாக நின்றுகொண்டிருந்தது. குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் முதல் நாளே அம்மாவின் சாயத்தண்ணிக்கு நாக்கு ஏங்க ஆரம்பித்துவிட்டது.

என் அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டியே காலத்தை முடித்தவர். அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்தவன் நான்தான். இப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேலை. போன வருடம் எங்கள் தோட்டத்தில் மண் சரிந்தது. அதற்குப் பிறகு, பேரிடர் வந்தால் உயிரையும் உடம்பையும் எப்படிக் காப்பது என்று படித்துவரச் சொல்லி என்னை இங்கே அனுப்பினார்கள். பயிற்சி நிலையம் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

புறப்படும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "அங்க மழ இல்லையாம். நல்லாத் தூங்கு."

நடந்தது நேர்மாறு. விடுதியைச் சுற்றித் தென்னந்தோப்பு. காற்றில் ஓலைகள் அடித்துக்கொள்ளும் சத்தம் அச்சு அசலாகத் தகரக் கூரையில் மழை விழுவதைப் போலவே இருந்தது. தினமும் விடியும்போது மழை என்று நினைத்துத் திடுக்கிட்டு எழுவேன். வெளியே ஒரு சொட்டு இருக்காது. உடனே கைபேசியில் எங்கள் ஊர் வானிலையைப் பார்ப்பேன். அங்கே பெய்துகொண்டிருக்கும்.

வகுப்பில் என் பக்கத்து நாற்காலி சாதிக்குக்கு. திண்டுக்கல் டவுன்காரன், ஆம்புலன்ஸில் உதவியாளன். அப்பாவை அத்தா என்பான்; அவர் பேகம்பூர்ப் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். அறிமுகமான சற்று நேரத்தில் என்னை மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

முதல் பாடம் வண்ண அட்டைகள். ஒரே நேரத்தில் பலர் அடிபட்டுக் கிடந்தால், யாரை முதலில் தூக்குவது என்று பார்த்துப் பார்த்துக் கழுத்தில் அட்டை கட்ட வேண்டும். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை தானாக நடப்பவர். கறுப்பு என்றால் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வகுப்பில் பாதிப் பேர் தரையில் படுத்து அடிபட்டவர்களாக நடித்தார்கள். சாதிக்கின் நெஞ்சில் குத்தியிருந்த துண்டுத் தாளில் 'மூச்சு இல்லை' என்று எழுதியிருந்தது. நான் கறுப்பு கட்டினேன்.

"ஏலே மாப்ள, கறுப்பா? எனக்கு இன்னும் பொண்ணே பாக்கலடா!"

பயிற்சி நடத்தும் டாக்டர் வசந்தா மேடம் திரும்பினார். "சாதிக், நீங்க இறந்துட்டீங்க. பேசக் கூடாது."

"மௌத்தானவனப் பசியோட அனுப்பக் கூடாது மேடம். சாப்பாட்டுக்கு விடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டையின் நூல் மட்டும் என் விரலில் சுற்றிக்கொண்டு வர மறுத்தது. எங்கள் ஊரில் அட்டை இல்லை. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வரிசையாகப் படுக்க வைத்தோம், அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மா பேசுவாள். எங்கள் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாரியம்மன் கோயில் இருக்கும் பாறை மேடு. போன வருடம் அடிபட்ட கணுக்காலை இழுத்துக்கொண்டு அவள் ஏறி வர வேண்டும். அதனால் அவள் அழைப்பு வந்தாலே அவள் மேட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். பின்னால் பூசை மணி கேட்கும். பூசாரி மாமா அடிக்கும் அடி எனக்குத் தெரியும். முதலில் மெதுவாக இரண்டு, பிறகு விடாமல்.

"என்னா சாப்பிட்ட?"

"இட்லி. மத்தியானம் சோறு, கத்திரிக்காய் வெஞ்சனம்."

"வெஞ்சனமா? அங்கயும் அப்படித்தான் சொல்றாங்களா?" அவளுக்கு அதில் அப்படியொரு சந்தோஷம்.

நான் மழையைப் பற்றிக் கேட்டேன். விடாமல் பெய்கிறது என்றாள். பேச்சோடு பேச்சாக, வாத்தியார் கேட்பதைப் போலக் கேட்டேன்: "எச்சரிக்கை வந்து ஆலைச் சங்கு ஊதினா எங்க போவ?"

"களத்துக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. "ஐயோ, இல்ல, மேல கோயிலுக்கு. போர்டு மாட்டிருக்காங்களே!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வார நடுவில் ஒத்திகைக்குக் கிளம்பினோம். சித்தையன்கோட்டையைத் தாண்டி ஒரு கிராமம். தென்னை, நெல், அதற்கப்புறம் கண்ணுக்கெட்டிய மட்டும் மல்லிகை. ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டால் ஊர் என்ன செய்யும் என்பதுதான் ஒத்திகை. வாய்க்காலில் அப்போது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஜீப் கூரையில் சைரன். கேட்டதும் எல்லோரும் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும். அங்கே குடிதண்ணீர்த் தொட்டிக்கு எவ்வளவு குளோரின், கழிப்பிடம் எந்தப் பக்கம், கர்ப்பிணிகளுக்கு எந்த அறை, சர்க்கரை நோய்க்காரர்களின் ஊசி மருந்தை எதில் குளிர வைப்பது, எல்லாம் முன்தினமே முடிவு செய்து வைத்திருந்தோம். முன்தினமே ஊருக்கும் சொல்லியாயிற்று. தலையாட்டினார்கள்.

சாதிக்குக்குச் சைரன் பிடித்துப்போய்விட்டது. செம்பட்டி தாண்டியதிலிருந்து மாட்டுக்கு ஒரு தடவை, மைல்கல்லுக்கு ஒரு தடவை என்று அழுத்திக்கொண்டே வந்தான். ஊருக்குள் நுழைந்து உண்மையாக அழுத்தியபோது, சைரன் கொட்டாவி விடுவதைப் போல ஒரு சத்தம் போட்டு அடங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டது. ஜீப்பும் நின்றுவிட்டது.

வந்தவை இரண்டு நாய்கள். ஒரு பெரியவர் வாசலிலிருந்தே, "என்னப்பா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

"நல்லா ஊதினாலும் இதேதான்" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். "எல்லாரும் பூவெடுக்கப் போயிருக்காங்கள்ல. வெயில் ஏறுனா மொட்டு விரிஞ்சிரும். வெள்ளம் வந்தா வரட்டும்னு எடுத்துக்கிட்டுத்தான் இருப்போம்."

தள்ளிப் பார்த்தோம். நகரவில்லை. அப்போது வாய்க்கால் பாலத்தில் ஒரு வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. நீளமாக ஒன்று, குட்டியாக இரண்டு.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மல்லிகைத் தோட்டத்தின் வரப்புகளில் தலைகள் முளைத்தன. தலைக்கு மேலே ஈரச் சாக்கு மூட்டைகள். ஆண்கள், பெண்கள், கைத்தடி ஊன்றியவர்கள், இடுப்பில் பிள்ளை வைத்தவர்கள், ஓட்டமும் நடையுமாக மொத்த ஊரும் பாலத்தில் கூடிவிட்டது. நாய்களும் போய்விட்டன. அது பூ வண்டி. அதை விட்டால் பூ மார்க்கெட்டுக்குப் போகாது. போகாத மல்லிகையை என்ன செய்வது?

டாக்டர் மேடத்தின் முகம் மலர்ந்தது. "இதுதான்! இந்த ஹாரனையே எச்சரிக்கையா வச்சிரலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன்.

"வேண்டாம் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகப்பட்டது. "அவங்க வந்து நிக்கிறது எங்கன்னு பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். வாய்க்கால் பாலம். உடைப்பெடுத்தால் முதலில் போகும் இடம்.

பிறகு எங்கள் கதையைச் சொன்னேன். ஜீப்பின் நிழலில் நின்று, முதல் தடவையாக, வெளியூர்க்காரர்களிடம். எங்கள் தோட்டத்தில் லயம் என்கிற வரிசை வீடுகள் அத்தனைக்கும் கேட்கிற சத்தம் தேயிலை ஆலையின் சங்கு ஒன்றுதான். காலையில் அது ஊதினால் பெரட்டுக்களத்தில் கூட வேண்டும். அங்கேதான் யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துவிடுவார்கள். போன வருடம் எச்சரிக்கை வந்தபோது அந்தச் சங்கைத்தான் ஊதினார்கள். வேறு எதை ஊதுவது? எல்லோரும் மழையில் ஓடிவந்தார்கள். கூடையைக்கூட மாட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஓடிவந்து, அந்தச் சங்குக்கு என்றைக்கும் எங்கே நிற்பார்களோ அங்கே நின்றார்கள். களத்துக்கு மேலே வெட்டி நிறுத்திய மண்சுவர். அது இறங்கியது. அம்மாவின் கணுக்கால் மண்ணில் சிக்கியிருந்தது, தோண்டி எடுத்தோம். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மா அத்தையை உயிரோடு எடுக்க முடியவில்லை.

மல்லிகை வாசனை எங்கும்.

சாதிக் பள்ளிக்கூட மேட்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப வண்டிய மேட்டுல நிப்பாட்டுனா?"

வேன் ஓட்டும் பாண்டி அண்ணன் எங்கள் பேட்டரிக்கு வயர் கொடுத்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கினார். "அங்க வரைக்கும் ஏத்தினா டீசலுக்கு உங்க அத்தாவா குடுப்பாரு?"

"ஒரு நாளைக்குத்தானண்ணே. மேல ஒரு பிரியாணி."

"லெக் பீஸோட" என்றார் பாண்டி அண்ணன்.

மறுநாள் காலை வேன் பள்ளிக்கூட மேட்டில் நின்றது. அதே ஹாரன். கொஞ்ச நேரம் யாரையும் காணவில்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு பாலத்துப் பக்கம் போன சிலர் நின்று, கழுத்தைத் திருப்பி, மேட்டைப் பார்த்தார்கள். பின்னாலேயே மற்றவர்கள். முதல் ஆளாக ஏறி வந்தவர் நேற்றுப் பேசிய அந்த அக்கா.

"ஏலே பாண்டி! இங்க எதுக்குடா கொண்டாந்து நிப்பாட்டுன? மூட்டையோட மேடேற வைக்கிறியே, உனக்கு நல்ல சாவு வருமாடா?"

"அம்புட்டுப் பேரும் பொழைக்கத்தான்க்கா ஏத்துறேன்!"

திட்டிக்கொண்டே மொத்த ஊரும் வந்து சேர்ந்தது. மேடம் தண்ணீர் கொடுத்தார், விளக்கினார். ஐப்பசி பிறந்தால் பூ வண்டி மேட்டில்தான் நிற்கும் என்று பஞ்சாயத்தில் பேசி முடிப்பதாகச் சொன்னார்கள். எப்போதும் அங்கேயே நின்றால்தான் கால் அங்கே பழகும் என்று நான் சொன்னேன். பாண்டி அண்ணன் என்னை முறைத்தார்.

எனக்கு அன்று முழுவதும் வேறு எதிலும் மனம் போகவில்லை. பாம்புக்கடி வகுப்பு நடந்தது. என் காதில் மணிதான் கேட்டுக்கொண்டிருந்தது. தினமும் அம்மாவின் குரலுக்குப் பின்னால் கேட்கும் அதே மணி. அது அடித்தால் எங்கள் ஆட்கள் எங்கே போவார்கள்? மேட்டுக்கு. மண்ணைச் சோதித்துப் பார்த்தவர்களும் பாதுகாப்பு என்று குறித்துப்போனது அந்தப் பாறையைத்தான். போர்டு எழுதி மாட்டினோம். மணி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் யாரும் அதை நினைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். பூ வண்டிக் கதையிலிருந்து ஆரம்பித்தேன்.

"அம்புட்டுத் தூரம் போயி பூ வண்டியத்தான் படிக்கிறியா?" என்றாள். பிறகு முழுக்கக் கேட்டாள். மழை இரைந்தது. "நேரங்கெட்ட நேரத்துல மணியடிச்சா சாமி குத்தம்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். என்னமோ ஏதோன்னு பாக்க வருவாங்கல்ல?"

"வருவாங்க. தீட்டுக்காரப் பிள்ளைங்க வராதே. வீட்டுல எழவு விழுந்தவங்க வரமாட்டாங்க. அவங்க எங்க போவாங்க, களத்துக்கா?"

எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரவில்லை.

அம்மாவே சொன்னாள். "திருவிழாக் கொட்டகை வெளியதான இருக்கு. அதுவும் மேட்டுலதான். அங்க வந்து நிக்கட்டும். உள்ள வரச் சொல்லி யாரு கேட்டா?" பிறகு, "நான் கொழுந்து எடுக்கையில பொம்பளைங்ககிட்டப் பேசுறேன். நீ பூசாரி மாமாகிட்டப் பேசு. நான் சொன்னா அண்ணன் கேக்காது, நீ படிச்சவன்."

பூசாரி மாமா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துத் தலைவரைக் கேட்க வேண்டும், அம்மனிடம் பூப்போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். என்ன முடிவானது என்று எனக்குத் தெரிவதற்குள் அங்கே மின்சாரம் போய்விட்டது. அதோடு அழைப்புகளும் நின்றன.

அதன் பிறகு நான் இருந்த ஊர் திண்டுக்கல்தானா என்றுகூடச் சொல்ல முடியாது. வெயில் அடித்தது. சின்னாளபட்டித் தெருக்களில் சேலைகள் காற்றில் உப்பிக்கொண்டு நின்றன. கைபேசியில் எங்கள் மாவட்டம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. சிவப்பு என்றால் உடனே என்று இங்கே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். உடனே என்றால், நான் என்ன செய்ய? ஓலைச் சத்தம் கேட்டு இப்போது எழுவதில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு சொட்டு மழைக்காக அழ வேண்டும் போலிருந்தது. இங்கே பெய்துவிட்டால் அங்கே குறைந்துவிடும் என்பதைப் போல ஒரு பைத்தியக்கார எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை சாதிக் என்னை விடுதியில் இருக்க விடவில்லை. "மூஞ்சியப் பாரு. கறுப்பு அட்டை கட்டுன மாதிரி. வா, கடைக்கு."

மத்தியானக் கூட்டம். சீரகச் சம்பா பிரியாணியின் வாசனை தெருமுனையிலேயே கையைப் பிடித்து இழுத்தது. அவன் அத்தா இலையில் வைத்துக்கொண்டே, "சிலோன்ல இப்படிக் கெடைக்குமா தம்பி?" என்று கேட்டார். அங்கே கோழிப் பிரியாணியில் பெரிய அரிசி, கூடவே முட்டையும் வைப்பார்கள் என்றேன். "சாப்டுங்க, சாப்டுங்க. அம்மா நல்லாத்தான் இருப்பாங்க. நான் தொழுகையில கேட்டிருக்கேன்" என்றார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எல்லாம் சாதிக் வேலை.

இரண்டாவது வாய் எடுக்கும்போது கைபேசி அடித்தது. அம்மா. அவள் கூப்பிடும் வேளையே இல்லை அது.

இடது கையால் எடுத்தேன். முதலில் மழை. பிறகு நிறையப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை. அதற்கெல்லாம் மேலே, விடாமல், பூசைக்கு அடிப்பதைப் போலில்லாமல், கை வலிக்க வலிக்க அடிக்கப்படும் மணி.

"கேக்குதா?" என்று அம்மா கத்தினாள். "இப்பத்தான் சிக்னல் வந்துச்சு, உனக்குக் கேக்கட்டும்னுதான் போட்டேன்! வந்துட்டோம், எல்லாரும்! கொட்டகையிலயும் நெறஞ்சிருச்சு!"

"காலு?"

"வலிக்குது. ஏறிட்டேன்ல."

"கீழ?"

"கீழ என்னா ஆச்சுன்னு தெரியல தம்பி. நாங்க மேல இருக்கோம்."

அதற்கு மேல் அவள் சொன்னது காற்றில் போனது. மணி மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் அறுந்தது.

யாரோ என் தோளைப் பிடித்தார்கள். சாதிக். அவன் கையிலும் சோறு ஒட்டியிருந்தது. மூச்சு வாங்க ஓடிவந்திருந்தான்.

"ஏலே மாப்ள, பாதி இலையில எந்திரிச்சு எங்கடா போற? கூப்பிடக் கூப்பிடக் காது கேக்கல?"

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். கடை எங்கோ பின்னால் இருந்தது. நான் கை கழுவாமல், செருப்புப் போடாமல், வெயிலில், நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே வீடுகளுக்கு மேலே, மொட்டையாக, மலைக்கோட்டைப் பாறை நின்றது. என் கால்கள் அதைப் பார்த்துத்தான் போய்க்கொண்டிருந்தன.

"மணியடிச்சது" என்றேன்.